சித்திரை உழவும் நான்கு முட்டைகளும்

(காங்கயம் வட்டாரத்து உழவர் கூட்டம் ஒன்றில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, டிராக்டர் ஓட்டும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆட்காட்டிக் குருவியைத் தெரியாதவர் இங்கே ஒருவரும் இருக்க மாட்டீர்கள். ராத்திரியில் அது கத்தினால், தோட்டத்துக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கிறோம். அதே குருவி பகலில் டிராக்டருக்கு முன்னால் வந்து நின்று கத்தும்போது நம் காதில் விழுவதில்லை. இங்கே என் முட்டை இருக்கிறது என்றுதான் அது கத்துகிறது.

அதற்கு மரத்தில் கூடு கிடையாது. வெறும் தரையில் லேசான ஒரு பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்திருக்கும். மண் நிறம், அதில் கருந்திட்டுகள். நான்கடி தள்ளி நின்று தேடினாலும் கண்ணுக்குச் சிக்காது. 28 முதல் 30 நாள் அடைகாக்க வேண்டும். சித்திரை வெயிலில் திறந்த மண்ணில் முட்டை வெந்துபோகாதா என்று கேட்பீர்கள். குட்டையிலோ வாய்க்காலிலோ இறங்கி, அடிவயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். அந்த ஈர வயிற்றை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை.

இது முட்டையிடுவது பங்குனியில் தொடங்கி ஆவணி வரைக்கும். நாம் கோடை உழவு ஓட்டுவதும் அந்த நாட்களில்தான். கோடை உழவு எதற்கு? மண்ணுக்குள் இருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வரட்டும், வெயிலில் காயட்டும், பறவை பொறுக்கித் தின்னட்டும் என்றுதானே? அப்படிப் பொறுக்கித் தின்னும் பறவையின் முட்டையை அதே உழவில் மண்ணோடு புரட்டிவிடுகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஏர் பிடித்த காலத்தில் உழுகிறவர் கொழுவுக்குப் பின்னாலேயே நடந்தார். அடுத்த அடி எங்கே விழும் என்று கண் மண்ணிலேயே இருந்தது. டிராக்டரில் உட்கார்ந்தவர் பாதி நேரம் திரும்பிப் பின்னால் இருக்கும் கலப்பையைத்தான் பார்க்கிறார். வாடகையும் மணிக்கணக்கு. நடுக்காட்டில் வண்டியை நிறுத்தினால் காட்டுக்காரர் முகம் மாறும். தம்பிகளே, உங்கள்மேல் குறை சொல்லவில்லை. எங்கள் காட்டில் ஒரு கூட்டின்மேல் ரோட்டவேட்டரை ஓட்டியவன் நான்தான். கத்தியதைக் கேட்டேன், நிறுத்தவில்லை. பொழுது சாயும் வரைக்கும் இரண்டும் அந்தப் புழுதியிலேயே நடந்துகொண்டிருந்தன.

அதனால் கேட்கிறேன். குருவி கத்தினால் இரண்டு நிமிடம் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். கிட்டே போய்த் துழாவ வேண்டாம், முட்டையை மிதித்துவிடுவோம். தள்ளி வந்து சும்மா நின்றால் போதும், கொஞ்ச நேரத்தில் அதுவே நடந்து போய் உட்காரும். அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உழவுச்சால் ஓடும் திசையில், கூட்டுக்கு முன்னால் ஆறடி, பின்னால் ஆறடி தள்ளி இரண்டு குச்சி நடுங்கள். கூட்டை ஒட்டி நடாதீர்கள், காக்காய்க்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். முட்டையைத் தொடவும் வேண்டாம், வரப்புக்கு மாற்றி வைக்கவும் வேண்டாம்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி விட்டால் 144 சதுர அடி. ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும். குஞ்சு பொரிந்த ஒன்றிரண்டு நாளில் தாயோடு நடந்து போய்விடும், அப்புறம் அந்தத் துண்டையும் உழுதுகொள்ளலாம். அசையாமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் குஞ்சைக் கண்டால் அனாதை என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தாயின் குரல் கேட்டுத்தான் அப்படிப் படுத்திருக்கிறது.

கௌதாரி வேலியோரப் புதருக்கடியில் முட்டையிடும். வானம்பாடி மண்கட்டி ஓரத்தில் புல்லால் சின்னக் கிண்ணம் செய்யும். பக்கி என்ற இராப்பறவைக்கு அந்தக் கிண்ணமும் கிடையாது. சோளத்தட்டு அறுக்கும்போது சுற்றிலும் அறுத்துக்கொண்டு உள்ளே போனால், நடுவில் ஒதுங்கிய கௌதாரிக்கும் காடைக்கும் தப்ப வழியில்லை. நடுவிலிருந்து வெளியே அறுத்து வந்தால் வேலிக்கு ஓடிவிடும்.

நம் ஊர்க் கொரங்காடு இந்தப் பறவைகளுக்கு ஒரு வரம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டுக்காகப் பெரியவர்கள் விட்டு வைத்த நிலம், அதில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டியும் பிழைத்தது. இன்று அது மனையாகவும் சூரிய மின்பண்ணையாகவும் மாறுகிறது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-இல் வந்த அறிக்கையும், புல்வெளி போன்ற திறந்த நிலத்துப் பறவைகள் வேகமாகக் குறைவதாகத்தான் சொல்கிறது. விற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மேய்ச்சலுக்கு வைத்திருக்கிறவர்கள் முட்டைக் காலத்தில் நாயையாவது கட்டி வையுங்கள்.

காட்டுப்பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் வரவில்லை. உங்கள் காட்டில் அந்த நேரத்தில் நிற்கப்போவது நீங்கள்தான், வனத்துறைக்காரர் அல்ல.

வாசலில் மூங்கில் குச்சிகள் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன், நுனியில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் ஆளுக்கு நான்கு எடுத்துப் போய் இருக்கைக்கடியில் போட்டு வையுங்கள். மழை பெய்தால் நாளைக்கே உழவு ஓட்டுவீர்கள்.