குளிர்பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

வணக்கம் நேயர்களே. இங்கே ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடக்கே கூபர் பீடி என்ற ஊர் ஏறக்குறைய 850 கிலோமீட்டர். கோடையில் அந்தப் பக்கம் 40 டிகிரிக்கு மேல் வெயில் அடிப்பது சர்வ சாதாரணம். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள எங்கள் பழைய கேம்பர் வேனில் முதல் தடவை அந்த வழியே போனபோது ஒரு டப்பா இட்லி மாவு எடுத்துப் போனோம். போர்ட் அகஸ்டா தாண்டி மதியம் நிறுத்திக் குளிர்பெட்டியைத் திறந்தால், மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கிடக்கிறது, பாலும் திரிந்துவிட்டது. இத்தனைக்கும் முந்தின வாரம்தான் மேலே, பக்கத்தில், பின்னால் என்று ஓர் இடம் விடாமல் தெர்மோகோல் திணித்திருந்தேன். அந்தப் பின்னால்தான் பிழை.

உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. கொட்டுகிற வாசலை நானே அடைத்துவிட்டேன்.

இது எனக்கு விளங்கியது கூபர் பீடியில். ஓபல் கல் தோண்டும் ஊர். பாதி ஊர் மண்ணுக்குள் குடியிருக்கிறது. வெளியே தீயாய் வெயில், உள்ளே விசிறிகூட இல்லாமல் சுகமாக இருக்கலாம். மண்தான் போர்வை. ஆனால் மேட்டின் மேல் நடந்தால் அங்கங்கே குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கீழே இருக்கும் வீடுகளுக்குக் காற்றுப்போக்கி. அத்தனை மண்ணைப் போர்த்திக்கொண்டவர்களும் மூக்கை மூடவில்லை! அன்றைக்கே பின்பக்கத் தெர்மோகோலைப் பிய்த்து எடுத்தேன்.

எங்களுடையது கேஸிலும் ஓடும் குளிர்பெட்டி. 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. சூட்டைக் கொடுத்தே குளிர வைப்பது, கம்ப்ரஸரே கிடையாது. பின்னால் காற்றைத் தள்ளவும் யாரும் இல்லை, பெட்டிக்குப் பின்னால் வேனின் சுவரில் இருக்கும் கீழ்ச் சன்னல் வழியே வந்த காற்று சூடேறித் தானாக மேல்சன்னல் வழியே போக வேண்டும், அடுப்படிப் புகைபோக்கி மாதிரி. அதனால் பின்னால் இடம் ரொம்ப அகலமாக இருந்தாலும் தப்பு, காற்று பெட்டியின் பின்பக்கத்துச் சூடான தகடுகளைத் தொடாமல் ஓரமாய் நழுவிவிடும். ஓர் அலுமினியத் தகட்டைச் சாய்த்து வைத்துக் காற்றை அந்தத் தகடுகளின் பக்கம் திருப்பிவிட்டேன், மேல்சன்னலில் வெளியே ஊதும்படி 12 வோல்ட் விசிறி ஒன்று. சரி, தெர்மோகோல் எங்கே? இரண்டு பக்கமும், தலைக்கு மேலும். போர்த்துங்கள், மூக்கை மட்டும் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பச் சொல்வேன். பளபளக்கும் வெள்ளித்தாள் ஒட்டுகிறவர்கள் அதற்கும் வேனின் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். தகரத்தோடு ஒட்டிக்கொண்டால் சூடு நேரே இறங்கிவிடும்.

அப்புறம் வண்டி நிறுத்தும் திசை. நம் ஊரில் உச்சிவெயில் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கும், இங்கே வடக்கே. குளிர்பெட்டி இருக்கும் பக்கம் தெற்கே பார்க்கட்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கம்ப்ரஸர் வைத்த பெட்டி பற்றி நிறைய வைத்திருந்தேன். அதற்கும் காற்று வேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன். கேஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: சுடர் எரியும் பக்கம் எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள், அந்தப் புகை நீங்கள் படுக்கும் இடத்துக்குள் வர ஒரு சந்துகூட இருக்கக் கூடாது, கிளம்புமுன் தெரிந்த ஆளிடம் காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.