தொழுகையில் போன் அடித்தால் கத்துவதா? முந்தாநாள் இஷாவில் நடந்தது

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்கு நோன்புக் கஞ்சி வீடியோவின் இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். முந்தாநாள் இஷாவில், அதாவது இரவுத் தொழுகையில், நடந்த ஒரு விஷயம் மனதைப் போட்டு அறுக்கிறது, அதைப் பேசாமல் எனக்குக் கஞ்சி கிண்ட வராது.

கடைசி ரக்அத், அதாவது தொழுகையின் கடைசிச் சுற்று. எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் இருக்கிறோம். பின் வரிசையில் ஒரு பையனின் போன் சினிமாப் பாட்டோடு அடிக்கிறது. நின்றது, மறுபடி அடித்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த மறுநொடியே ஒரு பெரியவர் எழுந்து, "பள்ளிவாசலா, சினிமா கொட்டகையாடா இது? யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கத்தினார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பையன் காது சிவக்க எழுந்து, அடுத்துத் தொழும் சுன்னத்துத் தொழுகைகூடத் தொழாமல் வெளியே போய்விட்டான்.

நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் என் செருப்பைக் காணோம்! இடது கால் செருப்பு படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறது, வலது கால் இல்லை. ஒற்றைச் செருப்பை யார் எடுப்பார்கள்? அதைத் தேடியதில் பையன் தெருமுனையைத் தாண்டிவிட்டான். சரி என்று வெறுங்காலோடு ஓடி, டீக்கடைப் பக்கம் பிடித்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவன் பதினோராம் வகுப்பு. பள்ளிவாசலுக்கு வர ஆரம்பித்தே பத்து நாள்தான் ஆகிறது.

இரண்டு டீ சொன்னேன். பாதி டம்ளர் வரை அவன் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கைய எடுத்தா தொழுகை முறிஞ்சிடும்னு நெனச்சேன் பாய்" என்றான். தெரியாமல்தான் அடிக்க விட்டிருக்கிறான்! பாக்கெட்டில் கைவிட்டு ஒரு கையால் அமர்த்திவிடலாம், அவ்வளவு சின்ன அசைவில் தொழுகை முறியாது என்று எங்கள் மார்க்க ஆசிரியர் ஹஜ்ரத் சொல்லித் தந்ததை அவனிடம் சொன்னேன். சொல்லித் தர அரை நிமிஷ வேலை.

கிட்டத்தட்ட இதே போன்ற ஒன்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நபித்தோழர் முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அப்போது இஸ்லாத்துக்குப் புதியவர். தொழுகையில் ஒருவர் தும்ம, இவர் "யர்ஹமுகல்லாஹ்" (அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும்) என்று சொல்லிவிட்டார். எல்லோரும் முறைத்தார்கள். "ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்?" என்று இவர் மேலும் பேச, அவர்கள் தங்கள் தொடையில் தட்டி இவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. இந்தத் தொழுகையில் மனிதப் பேச்சு ஆகாது, இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹும், அவன் பெரியவன் என்று சொல்லும் தக்பீரும், குர்ஆன் ஓதுவதும்தான் என்றார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் ஆசிரியரை நான் கண்டதில்லை என்கிறார் முஆவியா.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. குறிசொல்பவர்களிடம் போகிறார்களே, சகுனம் பார்க்கிறார்களே என்று அவராகவே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கிறார். திட்டு வாங்கியிருந்தால் கேட்டிருப்பாரா? நம் பையனும் டீ முடிவதற்குள், ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) ஒரு ரக்அத் தவறினால் என்ன செய்வது என்று கேட்டான்.

"கண்டிச்சாதான் திருந்துவான்" என்பார்கள். அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னிடம் அனுப்பும்போதே நபிமார்கள் மூஸாவிடமும் ஹாரூனிடமும் (அலை) மென்மையாகப் பேசச் சொன்னான் அல்லாஹ், தாஹா சூரா 44ஆம் வசனம். இந்தப் பையன் ஃபிர்அவ்னை விடவா மோசம்?

பெரியவர் யாரென்று கமெண்ட்டில் கேட்காதீர்கள். தப்பைக் கண்டால் பெயர் சொல்லாமல், "சிலருக்கு என்ன ஆயிற்று" என்று பொதுவாகச் சொல்வது நபிவழி. மழை நாளில் கை கால் கழுவும் ஹவுள் பக்கம் வழுக்காமல் இருக்க விடியுமுன் சாக்கு விரித்து வைப்பவரும் இவர்தான். நாளை அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு, கொஞ்சம் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன், தனியாக. கேமரா வராது.