பாட்டு ஒண்ணு, குரல் பல: கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனை கன்ட்ரி பாடகர்கள் பாடின கதை

[திரையில்: நாஷ்வில், ரைமன் ஆடிட்டோரியம்]

1970. அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல இருக்கிற நாஷ்வில் நகரம். ரைமன் ஆடிட்டோரியத்துல ஜானி கேஷோட டிவி நிகழ்ச்சிப் பதிவு. அமெரிக்கக் கிராமப்புறத்துல பிறந்த கன்ட்ரி இசைல பெரிய பாடகர் அவர். அன்னைக்கு அவர் பாட வேண்டியது 'சண்டே மார்னிங் கமிங் டவுன்'. ஞாயித்துக்கிழமை காலைல தலைவலியோட எழுந்து, இருக்கிற அழுக்குச் சட்டையில சுமாரான ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டு, யாருமில்லாம தெருவுல நடக்கிற ஒருத்தனோட பாட்டு அது. எங்கயோ ஒரு வீட்டுல கோழி பொரிக்கிற வாசனை வருது. பூங்காவுல ஒரு அப்பா தன் பொண்ணை ஊஞ்சல்ல வச்சு ஆட்டுறார். இவனுக்குன்னு யாருமில்லை. போதையில இருந்தாலாவது தேவலைன்னு கடவுள்கிட்டயே சொல்றான்.

அந்தப் போதை வரியை மட்டும் மாத்திப் பாடிடுங்கன்னு டிவி நிறுவனத்துல கேட்டாங்க. கேஷ் மாத்தலை. எழுதினவர் மேல பால்கனில உட்கார்ந்திருந்தார். அந்த வரி வந்தப்போ கேஷ் தன்னை நிமிர்ந்து பார்த்து, எழுதினபடியே பாடினார்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

[திரையில்: இளவயது கிறிஸ்டோஃபர்சன், ராணுவ உடையில்]

அவர்தான் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன். டெக்சாஸ்காரர். ரோட்ஸ் ஸ்காலர்ங்கிற உதவித்தொகைல ஆக்ஸ்ஃபோர்டுல இலக்கியம் படிச்சவர், ராணுவத்துல ஹெலிகாப்டர் ஓட்டின கேப்டன். எல்லாத்தையும் விட்டுட்டுப் பாட்டு எழுதணும்னு 1965ல நாஷ்வில் வந்தார். கிடைச்ச வேலை, கொலம்பியா ஸ்டூடியோல தரை கூட்டுறது. அப்புறம் வருமானத்துக்காக மெக்சிகோ வளைகுடாவுல இருக்கிற எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார். பெரிய ஹிட்டான பாட்டு சிலதை அந்த மேடைகள்ல உட்கார்ந்துதான் எழுதினார்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கேஷ் இந்தப் பாட்டை முதல்ல பாடினவர் இல்லை. 1969லயே ரே ஸ்டீவன்ஸ் பாடி ரெக்கார்டு வந்தாச்சு. அவர் நல்ல பாடகர், பதிவும் நல்ல பதிவு. ஆனா பெரிசா எடுபடலை. அதே சொல், அதே மெட்டு. கேஷ் பாடினதும், அதிகமா ஓடுற கன்ட்ரி பாட்டுகளோட பட்டியல்ல முதலிடம், அந்த வருஷத்தோட சிறந்த பாட்டுன்னு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது. என்ன வித்தியாசம்? கேஷ் மாத்திரைப் பழக்கத்துல விழுந்து எழுந்தவர்ங்கிறது ஊருக்கே தெரியும். அந்த ஞாயித்துக்கிழமைக் காலைகளை அவர் நிஜமாவே பார்த்தவர். அவர் வாயில வந்ததும் ஜனங்க நம்பிட்டாங்க. ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் பாடுறதை கவர்னு சொல்வாங்க. கவர்னா நகல்னு நினைக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்தப் பாட்டைத்தான்.

[திரையில்: சுழலும் இசைத்தட்டு]

சரி, ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் இவ்வளவு சுலபமா எப்படி எடுத்துப் பாட முடியுது? 1909ல வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம்தான் காரணம். தானே வாசிக்கிற பியானோவுக்கான காகிதச் சுருள் வியாபாரம் அப்போ பெரிய வியாபாரம். ஒரே கம்பெனி எல்லாப் பாட்டையும் வளைச்சுப் போட்டுடுமோன்னு பயந்து ஒரு விதி வச்சாங்க. முதல் பதிவுக்குத்தான் எழுதினவரோட அனுமதி வேணும். அது வெளிவந்துட்டா, அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் பதிவு பண்ணலாம். சட்டம் சொல்ற தொகையைக் கட்டினா போதும். உங்க பாணிக்கு ஏத்த மாதிரி இசை அமைச்சுக்கலாம், ஆனா மெட்டோட அடிப்படையைக் குலைக்கக் கூடாது.

அந்தத் தொகை ஒரு பிரதிக்கு 2 சென்ட். 1909ல வச்சது, 1978 வரைக்கும் ஏறவே இல்லை. கணக்குப் போடுங்க. பத்து லட்சம் தட்டு வித்தா 20,000 டாலர். வழக்கமா அதுல பாதி, பாட்டோட உரிமையைக் கவனிக்கிற பப்ளிஷருக்குப் போயிடும். எழுதினவங்களுக்கு இது பெரிய அநியாயம்னுதான் எனக்குத் தோணுது. ரேடியோ விஷயத்துல மட்டும் நிலைமை தலைகீழ். அமெரிக்க ரேடியோல ஒரு பாட்டு ஒலிக்கிறப்போ எழுதினவருக்கும் பப்ளிஷருக்கும் பணம் உண்டு, பாடினவருக்குக் கிடையாது. அதனால நாலு பேர் நாலு விதமா பாடி ஓடுற பாட்டு, எழுதினவரை வாழ வைக்கும்.

[திரையில்: சாமி ஸ்மித்]

கிறிஸ்டோஃபர்சன் பாட்டுகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கவர் சாமி ஸ்மித் பாடின 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்'. விடியிற வரைக்கும் என் பக்கத்துல இரு, நாளைக்கு என்னங்கிறது இப்போ வேணாம்னு ஓர் ஆண் கேட்கிற மாதிரி எழுதின பாட்டு. அதையே ஒரு பொண்ணு, கன்ட்ரி ரேடியோல, 1970 கடைசில பாடுறாங்க. அவங்க குரல் கொஞ்சம் கரகரப்பு. கெஞ்சல் கிடையாது, கொஞ்சல் கிடையாது. தனிமை தாங்கலைன்னு நேருக்கு நேரா சொல்ற குரல். 'உன் கூந்தல்'ங்கிறதை 'என் கூந்தல்'னு மாத்தின மாதிரி சின்ன மாத்தம்தான், ஆனா பாட்டோட துணிச்சல் பல மடங்கு ஆயிடுச்சு. 1971ல கன்ட்ரி பட்டியல்ல முதலிடம், பாப் பட்டியல்ல 8ஆவது இடம். அவங்களுக்கு ஒரு கிராமி, பாட்டுக்காக எழுதினவருக்கு ஒரு கிராமி.

இன்னொரு கன்ட்ரி பாடகர் ரே பிரைஸ், கிறிஸ்டோஃபர்சனோட 'ஃபார் த குட் டைம்ஸ்' பாட்டுக்கு வயலின் கூட்டத்தையே கொண்டுவந்தார். ஹாங்கி-டாங்க்ங்கிற மதுக்கடைக் கன்ட்ரி பாணில பேர் வாங்கின மனுஷன் இப்படி மாறிட்டாரேன்னு பழைய ரசிகர்கள் வருத்தப்பட்டாங்க. ஆனா பிரியப்போற ரெண்டு பேரோட கடைசி ராத்திரிக்கு அந்த மெதுவான வயலின்கள் பொருத்தமாத்தான் இருக்கு.

'மீ அண்ட் பாபி மெக்கீ'யை 1969ல முதல்ல பதிவு பண்ணினது ரோஜர் மில்லர். அதுல பாபி ஒரு பொண்ணு. ராக் பாடகி ஜேனிஸ் ஜோப்ளின் பாபியை ஆணா மாத்திப் பாடினாங்க, 1970 அக்டோபர்ல இறக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி. அவங்க போன பிறகுதான் கிறிஸ்டோஃபர்சன் அந்தப் பதிவைக் கேட்டார். 1971ல அது முதலிடத்துக்கு வந்தப்போ பார்க்க அவங்க இல்லை.

1979ல கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன், முழு ஆல்பமும் கிறிஸ்டோஃபர்சன் பாட்டுகளாவே வெளியிட்டார். 'கிரேசி' மாதிரி பாட்டை எழுதி, அதை பாடகி பாட்ஸி கிளைன் பாடிப் பெரிசாக்கினதைப் பார்த்தவர் அவர். அப்படிப்பட்டவரே இன்னொருத்தரோட எழுத்தை ஒரு ஆல்பம் பூரா பாடினார்.

[திரையில்: 1970 ஆல்பத்தின் அட்டை]

கேட்கணும்னா இந்த வரிசையில கேளுங்க. கிறிஸ்டோஃபர்சன் 2024 செப்டம்பர்ல, 88 வயசுல காலமானார். அவரோட முதல் ஆல்பம் வந்தது 1970ல. அதுல 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்'டை அவரே பாடியிருக்கார். முரட்டுக் குரல், அலங்காரம் குறைவு. அதை முதல்ல கேளுங்க. உடனே சாமி ஸ்மித்தைப் போடுங்க. ஹெட்ஃபோன் இருந்தா நல்லது, அவங்க மூச்சு விடுற இடம்கூடக் கேட்கும்.