ஓட்டத்திலும் உடையாத ஊதல்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் கோடைதோறும் நடக்கும் டிரம் கோர் போட்டிகளைப் பற்றி இன்று பேசுகிறேன். ஊதுகருவிக்காரர்களும் டிரம் வரிசையும் கொடிக்குழுவும் சேர்ந்த அணிகள் மைதானத்தில் அசைந்தபடியே இசைக்கும் போட்டிகள் இவை. டிரம்பெட்டையும் டூபாவையும் ஊதிக்கொண்டே மைதானத்தில் ஓடுகிறவர்கள் நாதத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் பேச்சின் மையம்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் நடந்தது. ஓர் அணியில் 150 பேர் அளவில் இருப்பார்கள். பெரும்பாலோர் 22 வயதைத் தாண்டாதவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊதுகருவிக்காரர்கள். டிரம்பெட், மெலோஃபோன், பாரிடோன், யூஃபோனியம், தோளில் சுமக்கும் டூபா என்று எல்லாம் பித்தளைக் கருவிகள். புல்லாங்குழல், கிளாரினெட் வகைகளுக்கு இடமில்லை. மதிப்பெண் மொத்தம் 100. ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, அசைவுக்கு 30, இசைக்கு 30. எனவே நின்று அழகாக ஊதிவிட்டுப் போய்விடவும் முடியாது, ஓடுகிற வேகத்தில் நாதத்தைக் கைவிடவும் முடியாது.

இந்த ஓட்டம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு. ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடப்பது சாதாரண நடை. அதில் ஓர் அடி 22.5 அங்குலம். அதே ஐந்து கஜத்தை ஆறு காலடியில் கடந்தால் ஓர் அடி 30 அங்குலம். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் தட்டுக்கு ஒன்றாக 30 அங்குல அடி வைத்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டரைத் தாண்டும். அது மெல்லோட்டம். பின்பக்கமாகப் போகும்போதும் இதே வேகம்தான். டூபாக்காரர் பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தோளில் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்.

நாதம் கெடும்போது பலரும் உதட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு காலிலும் மூச்சிலும் இருக்கிறது. பாதம் தரையில் தட்டென்று விழுந்தால் அந்த அதிர்ச்சி முழங்கால், இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறி, கருவியை உலுக்கி, வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை உதட்டில் மோத வைக்கிறது. நீண்ட கார்வையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குலுக்கல் கேட்கும். அதனால்தான் முன்னோக்கி நடக்கும்போது குதிகாலை முதலில் வைத்து, கால்விரல்களை நன்றாகத் தூக்கி, பாதத்தை மெல்ல உருட்டி இறக்கச் சொல்கிறார்கள். பின்னோக்கிப் போகும்போது குதிகால் தரையைத் தொடாது, முன்பாதத்தில்தான் நடக்க வேண்டும். பக்கவாட்டில் போகும்போது கால்கள் போகிற திசையைப் பார்க்க, மார்பும் கருவியும் பார்வையாளர் பக்கமே இருக்கும். இடுப்புக்குக் கீழே ஓட்டம், மேலே அசைவின்மை. தலையில் தண்ணீர்க்குடம் வைத்து நடப்பவரின் கழுத்தும் முதுகும் எப்படி இருக்குமோ, அதே கட்டுப்பாடு இங்கேயும் வேண்டும்.

கைக்கும் இதில் பங்கு உண்டு. டிரம்பெட்டின் எடையை இடக்கை தாங்க வேண்டும், வலக்கை சுரத்தை மாற்ற அழுத்தும் வால்வுகளுக்கு மட்டும். வலது சுண்டுவிரலைக் கருவியின் கொக்கியில் மாட்டி இழுத்தால், களைத்துப்போன நேரத்தில் மவுத்பீஸ் உதட்டை நசுக்கத் தொடங்கும். அப்போது நாதம் மெலிந்து கூர்மையாகிவிடும், மேல் ஸ்தாயி எட்டாது.

மூச்சுதான் இன்னும் பெரிய சிக்கல். உடலை நிமிர்த்திப் பிடிக்கிற வயிற்றுத் தசைகளே ஊதுவதற்கும் தேவைப்படுகின்றன. ஓட்டத்தில் வயிற்றை இறுக்கிக்கொண்டால் தொண்டையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நெஞ்சில் காற்று இருந்தும் கருவிக்குள் போகாது. இதற்கு நல்ல ஆசிரியர்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. மூச்சை இழுத்தபின் மேலே பிடித்து நிறுத்தாதே, இழுத்த மூச்சு திரும்புகிற இடத்திலேயே சுரம் தொடங்கட்டும் என்பார்கள். களைப்பு ஏறும்போது முதலில் பழைய காற்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் புதுக் காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு நிரம்பியிருந்தும் மூச்சு முட்டும்.

ஒரு கட்டத்தை நெருங்கிப் பார்ப்போம். எட்டு எண்ணிக்கை பின்னோக்கி ஓடி, ஒன்பதாவதில் முன்னோக்கித் திரும்பி, அதே எண்ணிக்கையில் டிரம்பெட் வரிசை உரத்துத் தொடங்க வேண்டும். ஏழிலும் எட்டிலும் மூச்சு இழுக்க வேண்டும், அதே நேரத்தில் உடலின் எடையையும் திசை மாற்ற வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில் தோள் உயரும், கழுத்து இறுகும், முதல் சுரம் பிளந்து இரண்டாகக் கேட்கும். எட்டாவது அடியை முன்பாதத்தில், எடை சற்றே முன்னால் சாய்ந்தபடி வைத்தால் திரும்பும்போது உதறல் இருக்காது. மூச்சை ஆறிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. அதற்கு இசையமைப்பாளர் ஆறில் ஓர் இடைவெளி விட்டிருக்க வேண்டும். அசைவை வரைபவரும் இசையை எழுதுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். இருவரும் தனித்தனியே எழுதிய நிகழ்ச்சியைப் பயிற்சியால் ஓரளவுதான் சரிசெய்ய முடியும்.

நீண்ட சொற்றொடர்களில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாங்கும்போது நீ ஊது, அவர் ஊதும்போது நீ வாங்கு. திரும்ப நுழையும்போது நாக்கால் தட்டாமல், சன்னமாகத் தொடங்கி ஒலிக்குள் கரைய வேண்டும். தாள வட்டத்தின் முதல் தட்டுக்கு முன்னால் மூச்சு வாங்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்கினால்தான் கார்வை ஓட்டையில்லாமல் கேட்கும்.

பயிற்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வில்வடிவில் நின்று ஊதுவது. பிறகு இருந்த இடத்தில் கால் தட்டியபடி ஊதுவது. அடுத்து மைதானத்தில் நடந்துகொண்டே வாயால் பாடுவது. பாடும்போது குரல் குலுங்கினால் ஊதும்போதும் குலுங்கும், எனவே இங்கேயே குறை தெரிந்துவிடும். அதன்பின் கருவியைத் தூக்கிப் பிடித்து, ஒலியில்லாமல் காற்றை மட்டும் விட்டு வால்வுகளை இயக்குவது. பிறகு ஒவ்வொரு சுரத்தையும் குட்டையாக வெட்டி ஊதுவது. இதில் யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பது மறைக்க முடியாமல் வெளிப்படும். கடைசியில்தான் முழு நீளம், முழு ஒலி. பல அணிகள் அவசரப்பட்டு இரண்டாம் படியிலிருந்து கடைசிக்குத் தாவுகின்றன. பிள்ளைகள் குலுக்கலை மறைக்க அடித்து ஊதப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை ஆகஸ்டு இறுதிச்சுற்றுக்குள் களைவது மிகக் கடினம்.

தூரமும் எதிரிதான். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 30 கஜம் பின்னால் நிற்கிறவரின் ஒலி முன்வரிசைக்கு வந்து சேர 80 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு என்றால் அது கிட்டத்தட்ட கால் தட்டு. ஆகவே முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் டிரம் ஒலியைக் காதால் பிடித்து அதோடு சேர்ந்து ஊத வேண்டும். பக்கத்தில் தொலைவாக இருப்பவரைக் கேட்டுச் சேர முயன்றால் தாளம் இழுபடும். வரிசை 80 கஜம் விரிந்து நிற்கும்போது ஒரு தட்டுக்கு நான்காக ஓடும் வேகமான பதினாறாம் பங்குச் சுரங்களை எழுதுவது தவறு என்பது என் கருத்து. அங்கே நீண்ட சுரங்கள் போதும். நுணுக்கமான வேலையை மையத்தில் நெருங்கி நிற்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

கருவியின் பெல், அதாவது விரிந்த வாய், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். உயர் அதிர்வுகள் அது பார்க்கும் திசையில்தான் நேராகப் பாயும். முதுகைக் காட்டித் திரும்பினால் ஒலி குறைவதோடு பளபளப்பும் போய்விடும். நடுவர்கள் உயரத்தில் இருப்பதால் டிரம்பெட்டைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். களைத்தவுடன் முதலில் தாழ்வது இதுதான்.

சுருதி பற்றி ஒன்று. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுருதி ஒரு செமிடோனின், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளியின், நூறில் மூன்று பங்கு வரை இறங்கும். ஊதும் காற்று சூடாக இருப்பதால் நடைமுறையில் இந்த இறக்கம் கொஞ்சம் குறையும். ஆனாலும் நண்பகலில் சேர்த்த சுருதி இரவுக்கு உதவாது. மைதானத்துக்குள் நுழையக் காத்திருக்கும்போது ஒலியில்லாமல் சூடான காற்றைக் கருவிக்குள் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

நின்று ஊதுகிற இடங்களைச் சிலர் ஏமாற்று என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். ஊதலுக்காகவே பேசப்படுகிற கரோலைனா கிரௌன் போன்ற அணிகளும் உச்சகட்ட ஒலியைப் பல நேரம் நின்ற இடத்தில்தான் கொடுக்கின்றன. கடும் ஓட்டத்துக்குப் பிறகு குறைந்தது எட்டு எண்ணிக்கையாவது உதட்டுக்கும் நெஞ்சுக்கும் ஓய்வு கொடுத்து, அதன்பின் அந்தப் பெரிய ஒலியை வைப்பதுதான் சரியான திட்டம். அந்த எட்டு எண்ணிக்கையை டிரம் வரிசையும் கொடிக்குழுவும் நிரப்பிக்கொள்ளும்.