பேறுகாலக் காய்ச்சல்: ஆபர்தீனிலிருந்து கால்வே வரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பேறுகாலத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் இரத்தப்போக்கையும் இரத்தக்கொதிப்பால் வரும் வலிப்பையும் சொல்வார்கள். அவை இரண்டும் கண்ணெதிரே நிகழ்ந்து, பார்த்தவர் எல்லாரையும் ஓடவைக்கும் ஆபத்துகள். நோய்த்தொற்று அப்படி வருவதில்லை. ஒரு நடுக்கம், சற்றே கூடிய மூச்சு, அடிவயிற்றில் வலி, 'பச்சை உடம்புக்காரிக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்ற வீட்டாரின் ஆறுதல் என்று தொடங்கி, சில மணி நேரத்தில் உயிரைக் கேட்கும் நிலைக்குப் போய்விடுகிறது. உலகளவில் நிகழும் தாய் இறப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத் தொற்றே காரணம். இந்நோய் எப்படிப் பரவுகிறது என்பதும், எப்படித் தடுக்கலாம் என்பதும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதருக்குத் தெரிந்தவை. தெரிந்ததை ஒவ்வொரு தாய்க்கும், ஒவ்வொரு முறையும் செய்யாமல் விடுவதால்தான் இன்றும் பெண்கள் இறக்கிறார்கள். இந்த உரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் உடலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கருப்பையின் உட்சுவரில் ஒரு பெரிய திறந்த புண்ணாக இருக்கும். நஞ்சுக்கொடியின் துண்டு ஏதேனும் உள்ளே தங்கினாலும், பனிக்குடம் உடைந்து வெகுநேரம் பிரசவம் ஆகாமல் இருந்தாலும், கிருமி அங்கே எளிதாக வேர் பிடிக்கிறது. அறுவைப் பிரசவத்தில் இந்த ஆபத்து பல மடங்கு கூடுவதால்தான், கத்தி வைப்பதற்கு முன்பே நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவது நடைமுறையாகியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் சிறுநீர்க்குழாய்கள் விரிந்து சிறுநீர் தேங்குவதால், எரிச்சலே இல்லாத சிறுநீர்த் தொற்றுகூடச் சிறுநீரகத்தை எட்டிவிடலாம். பரிசோதனையின்போது சிறுநீர் எடுத்துத் தரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றையெல்லாம்விடச் சிக்கலானது ஒன்று உண்டு. கர்ப்பிணியின் நாடித்துடிப்பு இயல்பாகவே கூடுதலாக இருக்கும்; இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும்; வெள்ளணுக்களின் எண்ணிக்கை உயர்ந்திருக்கும். தொற்று முற்றும்போது தோன்றும் அடையாளங்களும் இவையே. ஆகவே நோயின் அடையாளம் கர்ப்பத்தின் அடையாளமாகத் தோன்றிவிடுகிறது. இளம் உடல் நெடுநேரம் தாக்குப்பிடித்து, பிறகு திடீரென்று சரிகிறது. அந்தச் சரிவையே செப்சிஸ் என்கிறோம்: தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் வினையே சிறுநீரகம், நுரையீரல், இதயம் ஆகியவற்றைச் செயலிழக்கச் செய்யும் நிலை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். மருத்துவர்களைக் கை கழுவ வைத்த வியன்னா மருத்துவர் செம்மல்வைஸ் பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, ஸ்காட்லாந்தின் ஆபர்தீன் நகரில் அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர் வழியாகவே இந்நோய் பரவுகிறது என்ற உண்மையைக் கண்டுவிட்டார். 1789 இறுதியில் அந்நகரில், பேறுகாலக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட இந்தத் தொற்று பரவத் தொடங்கி, 1792 வரை நீடித்தது. அக்கால மருத்துவர்கள் இதைக் கெட்ட காற்றின் விளைவு என்றும், தாய்ப்பால் திசைமாறி உடலுக்குள் தேங்கியதன் விளைவு என்றும் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கார்டன் விளக்கத்தை விட்டுவிட்டுப் பட்டியல் எழுதினார். நோயுற்ற 77 பெண்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் பிரசவம் பார்த்தவர் யார் என்பதையும் எதிரே குறித்தார். பட்டியலைப் படித்தபோது, முன்பு ஒரு நோயாளியைக் கவனித்த மருத்துவரோ மருத்துவச்சியோ போன வீடுகளில்தான் அடுத்த பெண்ணும் நோயுறுகிறாள் என்பது விளங்கியது. தோலைச் சிவக்கச் செய்து பரவும் எரிசிபிலஸ் என்ற நோயும் அதே காலத்தில் அந்நகரில் பரவியதைக் கண்டு, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றார். இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி காரணமாகக் கூடும் என்று பின்னாளைய அறிவியல் காட்டியது.

1795-இல் வெளியிட்ட நூலில், பல பெண்களுக்கு இந்நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் தானே என்று கார்டன் எழுதினார். உடுத்திய துணிகளை எரிக்கவோ புகையூட்டவோ வேண்டும், கவனித்தவர்கள் தங்களை நன்றாகக் கழுவிக்கொள்ளவேண்டும் என்றும் வலியுறுத்தினார். மருத்துவச்சிகளின் பெயர்களும் பட்டியலில் இருந்ததால் ஊரே அவருக்கு எதிராகத் திரும்பியது. அவர் கடற்படைப் பணிக்குத் திரும்பிச் சென்று, 1799-இல் காசநோயால் இறந்தார். மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான நேர்மையை நான் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் அவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொன்னேன்.

வியன்னா பொது மருத்துவமனையில் 1846-இல், மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் வரை இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் மூவருக்கும் குறைவு. பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்கவேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். பிணக்கூறாய்வின்போது கத்தி கீறியதால் தம் நண்பர் கொலெட்ச்கா 1847-இல் இறந்ததையும், அவர் உடலில் கண்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றை ஒத்திருந்ததையும் கொண்டு, பிணவறையிலிருந்து வரும் கைகளே நோயைச் சுமக்கின்றன என்று செம்மல்வைஸ் முடிவு கட்டினார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்ததும், ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த இறப்பு ஜூன் மாதத்தில் 2-ஆகக் குறைந்தது. அப்படியிருந்தும் அவர் காலத்து மருத்துவ உலகில் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை. 1879-இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் நுண்ணுயிர் ஆய்வாளர் பாஸ்டர் எழுந்து கரும்பலகையில் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் சங்கிலி வடிவத்தை வரைந்து காட்டியபோது, செம்மல்வைஸ் இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1936-இல் லண்டன் குயீன் சார்லட்ஸ் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் என்ற மருத்துவர் கிருமியைத் தடுக்கும் சல்ஃபா வகை மருந்தைக் கொடுத்துப் பெண்களைப் பிழைக்கவைத்தார். பிறகு பெனிசிலின் வந்தது. நோய் வெல்லப்பட்டதாக உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு இங்கிலாந்தே சான்று. 2006 முதல் 2008 வரையிலான தாய் இறப்புகளை அந்நாட்டு வல்லுநர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, கர்ப்பத்தோடு நேரடித் தொடர்புடைய காரணங்களில் செப்சிஸ் முதலிடத்துக்கு வந்திருந்தது. செப்சிஸால் இறந்தவர்களில் 13 பெண்களைக் கொன்றது, கார்டன் காலத்துக் கிருமியின் இனமான ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். குழந்தைகளுக்குத் தொண்டை வலியை உண்டாக்கும் கிருமியும் அதுவே. வீட்டில் யாருக்காவது தொண்டை வலி இருந்தால், பிரசவித்த பெண் உதிரப்போக்குக்கு வைக்கும் துணியோ பட்டையோ மாற்றிய பின் மட்டுமன்றி, மாற்றுவதற்கு முன்பும் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். இந்த ஒரு செய்தியையாவது இங்குள்ள தாய்மார்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் இறந்ததைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர், வயது 31, கர்ப்பம் 17 வாரம். கரு தங்காது என்று தெரிந்து, பனிக்குடமும் உடைந்த நிலையில், கருவைக் கலைத்துவிடும்படி அவர் கேட்டார். கருவின் இதயம் துடிப்பதால் அந்நாட்டுச் சட்டப்படி இயலாது என்று மறுக்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்ந்த ஒரு வாரத்தில், அக்டோபர் 28 அன்று, செப்சிஸ் முற்றி இறந்தார். அயர்லாந்தின் சுகாதாரத் துறை அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் சர் சபாரத்தினம் அருள்குமரன். சட்டத்தைப் பற்றிய விவாதமே உலகெங்கும் கேட்டது. அது நியாயமான விவாதம்தான், 2018-இல் பொதுவாக்கெடுப்பு மூலம் அச்சட்டம் மாறவும் செய்தது. ஆனால் குழுவின் அறிக்கையில் வேறொன்றும் இருக்கிறது. சேர்ந்த அன்றே எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் உயர்ந்திருந்தன. அம்முடிவை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. பனிக்குடம் உடைந்தபின் குறித்த இடைவெளியில் அளந்திருக்கவேண்டிய நாடியும் வெப்பமும் அவ்வாறு அளக்கப்படவில்லை. கருவின் இதயம் நிற்கும்வரை தலையிடக்கூடாது என்பதில் செலுத்திய கவனத்தைத் தாயின் உடலில் வளர்ந்த தொற்றின் மீது செலுத்தவில்லை என்று அறிக்கை கூறியது. மருந்தும் கருவியும் இருந்த ஒரு நவீன மருத்துவமனையில் இது நடந்தது. அடுத்த ஆண்டே, கர்ப்பிணிகளின் நாடி, மூச்சு, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை ஒரே தாளில் குறித்து, எல்லை தாண்டினால் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும் என்ற முன்னெச்சரிக்கை அட்டை அயர்லாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அண்மையில் நம்பிக்கை தரும் இரண்டு முயற்சிகள் நடந்துள்ளன. பெலகாவி, நாக்பூர் உட்பட ஏழு நாடுகளின் மையங்களில் 29,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், இயல்பான பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அசித்ரோமைசின் மாத்திரை ஒரே வேளை கொடுத்ததில், செப்சிஸோ மரணமோ நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 2.4-இலிருந்து 1.6-ஆகக் குறைந்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் பயன் தெரியவில்லை. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் அச்சமும் உண்டு. மற்றொன்று மலாவியிலும் உகாண்டாவிலும் நடந்தது. கை கழுவும் ஒழுங்கைக் கண்காணித்து, செப்சிஸ் என்று ஐயம் எழுந்தவுடன் நீர்மம் ஏற்றுவது, நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது, தொற்றின் ஊற்றுக்கண்ணை அகற்றுவது, தேவையானால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, விடாமல் கண்காணிப்பது என்ற ஐந்தையும் ஒரே மூச்சில் செய்யப் பழக்கினார்கள். தொற்றால் ஏற்படும் மரணமும் கடும் பாதிப்பும் அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. புதிய மருந்து எதுவும் இல்லாமல் இதைச் சாதித்தார்கள் என்பதை மருத்துவமனை நிர்வாகிகள் கவனிக்கவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பிரசவமான ஆறு வாரத்துக்குள் குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள உதிரப்போக்கு, மூச்சுத் திணறல், மனத்தடுமாற்றம், சிறுநீர் குறைதல், தையலில் சீழ், மார்பில் சிவந்த கட்டி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செப்சிஸில் உடல் சில்லிட்டுப் போவதும் உண்டு. அங்கே முதல் வாக்கியமாகப் பிரசவ நாளைச் சொல்லுங்கள். கருச்சிதைவு ஆனவரும், குழந்தையை இழந்தவரும் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். கையில் குழந்தை இல்லாத பெண்ணை அவசரப் பிரிவு மருத்துவர் சாதாரணக் காய்ச்சல் நோயாளியாகக் கருதிவிடக்கூடும். செப்சிஸ் என்ற ஐயம் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி உடலுக்குள் சென்றாகவேண்டும் என்பதால், அந்தத் தாமதத்துக்கு அவளிடம் நேரம் இருக்காது.