குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறேன். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடும் பையன்களுக்கு அடிபட்டாலோ, சதை பிடித்துக்கொண்டாலோ பார்ப்பது என் வேலை. அவர்களில் ஒருவனைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

கால்பந்து என்றதும் நமக்கு உருண்டைப் பந்துதான் ஞாபகம் வரும். இது வேறு. நீள்முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதுமான அமெரிக்கக் கால்பந்து. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். பேரும் புகழும் பெரும்பாலும் அவருக்குத்தான். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். இவர்களை லைன்மேன் என்பார்கள். சென்டர் பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலே ஒரு பருவம் முழுக்க ஆடி முடிக்கலாம். எதிரே பாய்ந்து வருபவனை மறிப்பதும் தள்ளுவதும்தான் அவர்கள் வேலை. இந்த ஐவரும் மூன்று நொடி தாங்கினால் பந்து பறக்கும். தாங்காவிட்டால் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். எனக்கு இந்த ஐந்து பேர் மேல் தனிப் பிரியம்.

நான் சொல்லவந்த பையனுக்கு அப்போது 16 வயது. வலது கார்டு இடத்தில் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால்தான் இவனுக்கு ஆட்டம். அந்த இடத்தைப் பிடித்தே தீருவது என்று டிசம்பரில் முடிவு செய்துவிட்டான். காலை ஆறு மணிக்கே எடை தூக்கும் அறைக்கு வந்துவிடுவான். அந்த அறையில் பையன்களுக்கெல்லாம் பெஞ்ச் பிரஸ் மேல்தான் கண். மல்லாக்கப் படுத்து, மார்புக்கு மேலே கம்பியைத் தூக்குவது. வெறும் கம்பி 45 பவுண்டு. பக்கத்துக்கு இரண்டு பெரிய தட்டு மாட்டினால் 225 பவுண்டு, நம் கணக்கில் 102 கிலோ. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறைப் போட்டியான தேசிய லீக்கில் சேர வரும் கல்லூரி வீரர்களை இதே 225 பவுண்டை எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று எண்ணித்தான் சோதிப்பார்கள். அதனால் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அந்த எண் ஒரு கனவு. இவன் பிப்ரவரி கடைசியில் அதைத் தூக்கிவிட்டான். அறையே கைதட்டியது.

இரண்டு வாரம் கழித்து என் அறைக்கு வந்தான். "தோள் வலிக்குது, சார்." கூடவே இன்னொன்றும் சொன்னான். பயிற்சியில் தன்னைவிட ஒல்லியான ஒருவன் தன்னை இரண்டடி பின்னால் தள்ளிவிட்டானாம். அதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. 102 கிலோவைத் தூக்குபவனை அவன் எப்படித் தள்ளினான்?

நான் தோளைத் தொடவே இல்லை. ஷூவைக் கழற்றச் சொன்னேன். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து, மெதுவாகக் கீழே உட்காரச் சொன்னேன். தொடை பாதி தூரம் இறங்கும் முன்பே காகிதத்தை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கணுக்கால் மடங்காததால் குதிகால் தூக்கிக்கொண்டது, இடுப்பு இறங்கவில்லை. மோதும் நொடியில் பையன் நிமிர்ந்து நிற்கிறான். நிமிர்ந்து நிற்பவனை யார் வேண்டுமானாலும் தள்ளலாம். தாழ இருப்பவன்தான் ஜெயிப்பான் என்று லைன்மேன்களின் கோச்சுகள் எல்லோரும் தொண்டை வலிக்கச் சொல்வது இதைத்தான். தள்ளும் விசை பாதத்தில் பிறந்து, தொடை, இடுப்பு, முதுகு வழியாக ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. இவன் கடைசிப் படியை மட்டும் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவனுக்கு ஜோர்டன் மைலாட்டாவின் கதையைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்காரர், சமோவா வம்சாவளி. ரக்பி லீக் ஆடியவர். உயரம் ஆறடி எட்டங்குலம், எடை ஏறக்குறைய 157 கிலோ. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாத அவரை 2018-இல், லீக் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி ஏழாவது சுற்றில், 233-ஆவது ஆளாக எடுத்தது. பலத்துக்கு அவரிடம் என்ன குறை? ஆனாலும் கோச் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் அவருக்கு எப்படி நிற்பது, எந்தக் காலை முதலில் பின்னால் எடுத்து வைப்பது, கையை எங்கே வைப்பது என்று அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் முதுகுக் காயம். முதல் இரண்டு பருவமும் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. 2020 அக்டோபரில்தான் முதன்முதலாக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இடது டேக்கிளாக நின்றார். அடுத்த ஆண்டு, முதல் சுற்றில் தேர்வான ஒருவரோடு போட்டியிட்டு அந்த இடத்தை வென்றார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தபோதும் அந்த இடத்தில் அவர்தான்.

"அவருக்கே இரண்டு வருஷமா, சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? பெஞ்ச் பிரஸ்ஸைக் குறைத்தோம். கணுக்காலைத் தளர்த்தும் பயிற்சி தினமும் பத்து நிமிடம். ஸ்குவாட்டை மறுபடி வெறும் கம்பியிலிருந்து ஆரம்பித்தோம். நண்பர்கள் முன்னால் வெறும் கம்பியோடு உட்கார்ந்து எழுவது அந்த வயதில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் செய்தான். வாரத்துக்கு வாரம் ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. சதை அப்புறம்தான் வளரும். சதையை எலும்போடு கட்டும் தசைநாண் அதற்கும் பின்னால் நிதானமாக வரும். அவசரப்பட்டால் அங்கேதான் வலிக்கும். இதோடு, மைதானத்தில் இடுப்பளவைவிடச் சற்றே உயரமான ஒரு இரும்புச் சட்டத்துக்கு அடியில், தலை இடிக்காமல் குனிந்தபடியே முன்னால் பாயும் பயிற்சி. முதல் நாள் ஹெல்மெட் எட்டுத் தடவை கம்பியில் மோதியது. ஒவ்வொரு தடவையும் 'டங்' என்று சத்தம். மே மாதம் அந்தச் சத்தம் நின்றது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. எடை கூட்டச் சொல்லும் பெரியவர்கள், கூடிய எடையோடு வெயிலில் ஓடுவது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். பெரிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர், 2001 ஜூலை கடைசி நாள் பயிற்சியில் வெப்பத் தாக்கால் சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்தார். வயது 27. அப்படி விழுந்தவரைக் கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் உடனே இறக்கினால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம். முதலில் குளிரவை, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பதுதான் எங்கள் விதி. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க மைதானத்து ஓரத்தில் ஐஸ் தண்ணீர் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் டீயே குடிப்பேன். "தலை சுத்துது" என்று ஒரு பையன் சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல நான் யாரையும் விடுவதில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் பயிற்சி முடிந்து அவனே வந்தான். ஷூவைக் கழற்றினான். மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, முழுசாக உட்கார்ந்தான். இழுத்தேன். கிழிந்து பாதிதான் என் கைக்கு வந்தது.

முதல் ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வலது கார்டாக அவன்தான் இறங்கினான். இரண்டாவது முறை பந்து பின்னால் வந்ததும், எதிரணியில் பெரிய பையன் ஒருவன் நேராக அவன் மார்பில் மோதினான். இவன் அரையடி சறுக்கினான், இடுப்பை இறக்கினான், நின்றுவிட்டான். கூட்டம் எழுந்து கத்தியது. பந்து எங்கே போனது என்று பக்கத்தில் இருந்தவரிடம்தான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று நொடியும் நான் அவன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் புல்லில் பதிந்திருந்தன.