ஷோகேஸ்ல நிக்குறதெல்லாம் ஸ்டைல் இல்ல, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிர்ல உக்காந்து இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்கற எதிரணி நண்பர்களே, என் அணிக்காரங்களே, ஞாயித்துக்கெழமை மத்தியானத் தூக்கத்த விட்டுட்டு எடிசன் வரைக்கும் வந்திருக்கற நியூஜெர்சி சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம், சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

வசந்தகாலத்துக்கு ட்ரெஸ்சும் ஷூவும் எடுக்கறப்ப முன்னாடி நிக்க வேண்டியது ஸ்டைலா நிதானமா, இதான் தலைப்பு. நான் நிதானத்துக்காகப் பேச வந்திருக்கேன், ஒடனே இவங்க பழைய ஸ்வெட்டர்ல வந்து கஞ்சத்தனத்துக்கு வக்காலத்து வாங்கப் போறாங்கன்னு நெனச்சுறாதீங்க. ஸ்டைல் வேணாம்னு எங்க அணில ஒருத்தர் கூட சொல்லல. நிதானமா வாங்குறவங்க கிட்டதான் ஸ்டைலே இருக்கு, அவசரத்துல வாங்குறவங்க கிட்ட இருக்கறது புதுசு மட்டும்தான், இதுதான் எங்க கட்சி.

எதிரணித் தலைவர் அண்ணன் எடுத்த எடுப்புலயே ஆள் பாதி ஆடை பாதின்னாரு, கைதட்டலும் வாங்கிட்டாரு. சரிண்ணே, ஒத்துக்கறேன். ஆளுல பாதி ஆடைதான்னா, அந்தப் பாதிய பில் போடற லைன்ல நிக்கறப்ப கைக்கு எட்டுற கூடைலேருந்தா எடுப்பீங்க?

மொதல்ல நம்ம ஊரு வசந்தம் எப்படின்னு பாருங்க. மார்ச்சுல பனி கொட்டும், ஏப்ரல்ல காலைல வீட்ட விட்டு கெளம்பறப்ப 40 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல சொன்னா நாலுதான், மத்தியானம் 65, அதாவது பதினெட்டு, சாயங்காலம் மழை, இதெல்லாம் ஒரே நாள்ல. ஆனா கடைக்காரன் பிப்ரவரிலயே மெல்லிசா பூப்போட்ட கவுன ஷோகேஸ்ல மாட்டிருவான், வெளில பனிய அள்ளிக்கிட்டிருக்கற நமக்கு அதப் பாத்ததும் மனசு போயிரும், அது மனுஷ சுபாவம், தப்பில்ல. அப்புறம் நுவார்க்ல ப்ராஞ்ச் ப்ரூக் பார்க்ல செர்ரி பூக்கும், 5000 மரத்துக்கு மேல இருக்கு, வாஷிங்டன்லயே அவ்ளோ கெடையாது, நம்ம சனமெல்லாம் போட்டோ எடுக்கப் போகும். அங்க போய் நின்னு பாருங்க நடுவர் அவர்களே, அந்த மெல்லிசு கவுன் போட்டு வந்த பொண்ணு மரத்தடில பல்லு தந்தியடிக்க நிக்கும், வீட்டுக்காரரோட கசங்கிப்போன ஆபீஸ் ஜாக்கெட்ட வாங்கி மேல போட்டுக்கும், கடைசில அத்தன போட்டோலயும் அந்த ஜாக்கெட்தான் விழும். பக்கத்துல ஒருத்தர் சாதா காட்டன் சட்டை, மேல ஒரு ட்ரெஞ்ச் கோட்டு, வெயில் வந்தா கழட்டி கைல போட்டுக்கிட்டு நடப்பாங்க, எல்லாரும் அவங்களத்தான் திரும்பிப் பாப்பாங்க. அந்தக் கோட்டுத் துணி கேபர்டீன், 1879ல தாமஸ் பர்பரின்னு ஒரு இங்கிலீஷ்காரர் கண்டுபுடிச்சது, நூல நெருக்கமா நெய்யறதால மழத்தண்ணி சட்டுனு உள்ள எறங்காது, காத்து மட்டும் போய்வரும். மழைக்கு என்ன செய்யலாம்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்ச துணி, நூறு வருஷம் தாண்டியும் ஃபேஷன்ல நிக்குது.

எதிரணித் தங்கச்சி கேட்டாங்க, ஒரு டாப்ஸ் வாங்க இவ்ளோ ஆராய்ச்சியான்னு. ஆராய்ச்சியே வேணாம்மா, உள்பக்கம் தையல்ல ஒரு குட்டி லேபிள் இருக்கும் பாரு, அத திருப்பிப் படிச்சா போதும். என்ன நூலு, எத்தன சதவீதம், எந்த நாட்டுல செஞ்சதுன்னு அதுல போட்டே ஆகணும்னு இந்த நாட்டுல சட்டமே இருக்கு, 1958ல போட்ட சட்டம். எது அதிகமோ அது மொதல்ல வரணும். முன்னாடி பெருசா லினன்னு தொங்கவிட்டிருப்பான், லேபிள திருப்பினா மொதல்ல விஸ்கோஸ், அடுத்து பாலியெஸ்டர், லினன் கடைசில ஒரு ஓரத்துல விருந்தாளி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். படிக்க அர நிமிஷம் கூட ஆகாது.

இப்ப எதிரணி பெரிய வெடி ஒண்ணு போட்டாங்களே, மெட்ராஸ் கட்டம்போட்ட துணிக் கதை, அதுக்கு வர்றேன். இங்க வசந்தம் வந்தா வெள்ளக்காரங்க கட்டம்போட்ட காட்டன் சட்டையும் அரக்கால் டவுசருமா சுத்துவாங்க பாருங்க, அதுக்குப் பேரே மெட்ராஸ். நம்ம ஊருப் பேரு, நம்ம பக்கத்துத் தறில நெய்த துணி. 1958ல ஒரு அமெரிக்க இறக்குமதிக்காரர் கேப்டன் கிருஷ்ணன் நாயர்கிட்ட இந்தத் துணிய வாங்கினாரு, கண்ணூர்க்காரர், பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சாரே அவரேதான். பச்சத் தண்ணில மெதுவா அலசணும், சாயம் போகும்னு நாயர் சொல்லித்தான் குடுத்தாராம். அத அந்த இறக்குமதிக்காரர் நியூயார்க்ல ப்ரூக்ஸ் பிரதர்ஸ்ங்கற துணிக்கடைக்கு வித்தாரு, 10,000 கஜம்னு சொல்வாங்க, ஆனா அந்த அலசற விஷயத்த மட்டும் சொல்லவே இல்ல. வாங்குனவங்க மத்த துணியோட மெஷின்ல போட்டாங்க, சாயம் ஓடி கட்டம் ஒண்ணோட ஒண்ணு கலந்து பெரிய ரகளை. அப்புறம்தான் இந்தச் சாயம் போறதுதான் இதோட அழகே, ஒவ்வொரு தடவ துவைக்கறப்பவும் புது நெறம் வரும்னு விளம்பரம் பண்ணி, நாடே தேடி வாங்குற துணியாக்கிட்டாங்க. இதச் சொல்லிட்டு எதிரணி என்ன சொன்னாங்க, பாத்தீங்களா, யோசிக்காம வாங்குனதுதான் ஸ்டைலா ஆச்சுன்னு.

நடுவர் அவர்களே, அந்தக் கதைய கொஞ்சம் திருப்பிப் பாருங்க. ரகளை எதனால வந்துச்சு? எப்படித் தொவைக்கணும்னு வித்தவரும் சொல்லல, வாங்குனவரும் கேக்கல, அதனால வந்துச்சு. ஸ்டைல் எப்ப வந்துச்சு? இது சாயம் போற துணி, இப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சு, தெரிஞ்சே வாங்க ஆரம்பிச்சப்ப வந்துச்சு. அதே துணி, அதே சாயம், தெரியாம வாங்குனவனுக்கு நஷ்டம், தெரிஞ்சு வாங்குனவனுக்கு ஸ்டைல். எங்க அணிக்கு இத விட நல்ல சாட்சி நாங்களே தேடியிருந்தாலும் கெடச்சிருக்காது, எதிரணிக்கு நன்றி.

அடுத்து ஷூ. இங்கதான் எதிரணிக்காரங்க கால் வழுக்குறாங்க. துணி கொஞ்சம் பிடிச்சா டெய்லர் பிரிச்சு விடுவாரு, ஷூவ யாரு பிரிச்சு விடறது? வசந்தம்னா வெள்ள ஸ்னீக்கர், சூயட் லோஃபர், இதானே ட்ரெண்டு. போடுங்க, வேணாங்கல. சூயட்டுங்கறது மேல நார்நாரா எழும்பியிருக்கற தோலு, ஏப்ரல் மழைல ஒரு தடவ ஊறுச்சுன்னா கறை புடிச்சு வெறப்பா ஆயிரும், அதனால அத மே மாசத்துக்கு வெச்சுக்கிட்டு ஏப்ரலுக்கு தொடச்சா போற தோல் ஷூவா எடுங்கன்னு சொல்றோம், இதுல என்ன ஸ்டைல் கொறஞ்சு போச்சு? ஷூ வாங்க சாயங்காலமா போங்க, நாள்பூரா நடந்து நின்னு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலைல கச்சிதமா இருந்தது சாயங்காலம் கடிக்கும். ரெண்டு காலுலயும் போட்டுப் பாருங்க, நெறைய பேருக்கு ரெண்டு காலும் ஒரே அளவு இருக்காது, பெரிய காலுக்குத்தான் சைஸ் எடுக்கணும். விரலுக்கு முன்னாடி ஒரு கட்டவிரல் அகலம் எடம் இருக்கான்னு அழுத்திப் பாருங்க. அடிப்பாகம் தச்சதா வெறும் பசை போட்டு ஒட்டுனதான்னு ஓரத்த வளச்சுப் பாருங்க. அந்தத் தங்கச்சி சொன்ன மாதிரி போடப் போட லூசாயிரும்னு நம்பி கடிக்கிற ஷூவ வாங்கி, கல்யாண வீட்டுல வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல சுத்துறதுக்கா 120 டாலரு?

இன்னொண்ணு சொன்னாங்க, அவுட்லெட்ல பாதி வெலைக்கு கெடைக்குதே, அங்க போய் யோசிச்சுக்கிட்டு நின்னா நல்லதெல்லாம் போயிருமேன்னு. நியூஜெர்சில துணிக்கும் சாதாரண ஷூவுக்கும் சேல்ஸ் டாக்ஸே கெடையாது, நமக்கு எந்த நாளும் தள்ளுபடி நாள்தான், எதுக்கு ஓடணும்? அவுட்லெட் கடைல இருக்கறதெல்லாம் பெரிய கடைல விக்காம மிஞ்சுனதுன்னு நெனைக்கறோம், அங்க விக்கறதுக்குன்னே தனியா, கொஞ்சம் மட்டமான துணில தச்ச சரக்கும் நெறைய இருக்கு. அந்தச் சரக்கு வேற கடைல என்னிக்குமே தொங்கியிருக்காது, அப்புறம் டேக்ல அடிச்சு வெச்சிருக்கற பழைய வெலை எந்தக் கடை வெலை? ரிட்டர்ன் பண்ணிக்கலாமேன்னு ஒரு சமாதானம் வேற. இந்த ஹால்ல இருக்கறவங்க பார்க்கிங்ல போய் கார் டிக்கிய தெறந்து பாருங்க, தேதி தாண்டிப்போன ரிட்டர்ன் பை எத்தன இருக்குன்னு தெரியும். சிரிக்காதீங்க, ஒங்களயும்தான் சொல்றேன் சார்.

கடைசியா ஒரு விஷயம், இதுக்கு சிரிக்க முடியாது. நாம வாங்குறதக் கொறச்சா பனியன் தைக்கற திருப்பூருக்கும் ஷூ செய்யற ஆம்பூருக்கும் வேல போயிரும்னு எதிரணித் தலைவர் கண்ணு கலங்குனாரு. அண்ணே, நானும் கொங்கு நாட்டுக்காரிதான். நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி ஓடி, வெவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, 2011 ஜனவரில ஹைகோர்ட் திருப்பூர்ல அத்தன சாயப்பட்டறையயும் மூடச் சொல்லுச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணிய சுத்தம் பண்ணி திருப்பிப் பயன்படுத்தறதுக்குக் காசு ஆகும், அந்தக் காசு பனியன் வெலைல இருந்தாதான் பட்டறைக்காரன் செய்வான். மூணு டாலர் பனியன மூணா அள்ளிட்டு வர்ற நாம அந்தக் காசத் தர்றமா? 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்துல துணி தைக்கற கம்பெனிங்க இருந்த ராணா ப்ளாசா கட்டடம் இடிஞ்சு 1100 பேருக்கு மேல செத்தாங்க, மொத நாளே சுவத்துல விரிசல் விட்டிருந்துச்சு, இருந்தும் ஆர்டர் முடிக்கணும்னு உள்ள அனுப்புனாங்க. வாரத்துக்கு ஒரு புது டிசைன் வேணும்னு நாம பறக்கற பறப்புல ஒரு பங்கு அந்த அவசரத்துலயும் இருக்குண்ணே. நல்ல வெல குடுத்து ஒண்ணு வாங்கி நாலு வருஷம் போடுங்க, திருப்பூர்க்காரன் அதத்தான் கேப்பான்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுர்றேன். நடுவர் அவர்களே, இந்த மேடைல இன்னிக்கு யாரு ட்ரெஸ் ரொம்ப நல்லாருக்குன்னு கேட்டா நானே சொல்வேன், எதிரணித் தங்கச்சி போட்டிருக்கற அந்தச் சுங்குடி ஜாக்கெட்தான். சாப்பாட்டு நேரத்துல கேட்டேன், அது அவங்க அம்மாவோட மதுரைச் சுங்குடிச் சேலையாம், ஓரம் கிழிஞ்சதும் டெய்லர்கிட்ட குடுத்து தச்சு வாங்கியிருக்காங்க, எந்த டிசைன் வெக்கறதுன்னு முடிவு பண்ணவே ரெண்டு மாசம் ஆச்சாம். அவங்கள இன்னொரு தடவ மைக் முன்னாடி கூப்பிட்டு இதயே சொல்லச் சொல்லுங்க, தீர்ப்ப அப்படியே எழுதிக்கலாம். வணக்கம்.